கேள்வி–பதில்: மொட்டைத்தலையரைப் பௌலிங் கூட்டிப் போன கதை

சென்ற இதழில் ஜெலுத்தோங் வாசகர் ஒருவர், "உங்களை வாய்விட்டுச் சிரிக்க வைத்த இசைத்தட்டு எது?" என்று கேட்டிருந்தார். "கேம்பர் வான் பீத்தோவன் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, சமையல் எண்ணெய் விலை பற்றிய கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எண்ணெயைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. "இந்த மாதம் அதையே எழுதித் தொலையுங்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

*பீத்தோவன் செத்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அவர் எப்படி ஐயா முதல் ஆல்பம் போட்டார்?*
— பிறை வாசகர்

பார்த்தீர்களா, ஆல்பத்தைக் கேட்பதற்கு முன்பே உங்களை ஒரு தடவை ஏமாற்றிவிட்டார்கள். கேம்பர் வேன் என்பது படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய வண்டி. குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்கள் ஓட்டுவது. அந்த 'வேன்' என்ற சொல்லும் பீத்தோவன் பெயருக்கு முன்னால் வரும் 'வான்' என்ற சொல்லும் ஆங்கிலக்காரர் காதில் ஒன்றாகவே விழும். இரண்டையும் ஒட்டிப் பெயராக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் ஒருவர் தன் குழுவுக்கு 'பஸ் ஸ்டாண்டு தியாகராஜர்' என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

1983-ல் கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் என்ற ஊரில் கூடிய பையன்கள் இவர்கள். பிறகு சாண்டா குரூஸ் என்ற கடலோரக் கல்லூரி ஊருக்குப் போனார்கள். பாடி, கிதார் வாசித்தவர் டேவிட் லௌரி. பேஸ் கிதார் விக்டர் குரும்மனாக்கர். வயலின் ஜோனதன் சீகல். ராக் குழுவில் வயலினா என்று முகம் சுளிக்காதீர்கள், அதற்கு வருகிறேன். ஆல்பம் 1985-ல் வந்தது. நம் பினாங்குப் பாலம் திறந்த அதே வருஷம். ஆல்பத்தின் பெயர் 'டெலிபோன் ஃப்ரீ லேண்ட்ஸ்லைட் விக்டரி'. தமிழில் சொன்னால் 'தொலைபேசியில்லா மாபெரும் தேர்தல் வெற்றி' என்பது போல வரும். என்ன பொருள் என்று கேட்கக்கூடாது.

*கலிபோர்னியாப் பையன்கள் பாட்டு ஜார்ஜ்டவுனில் தமிழ் அச்சகத்தில் வேலை செய்த உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? அந்தக் காலத்தில் இணையமும் இல்லையே?*
— பாயான் லெப்பாஸ் வாசகி

லெபோ சூலியாவில்தான். அப்போது அந்தத் தெரு முழுக்க மலிவு விடுதிகள். முதுகில் மூட்டை தூக்கிய வெள்ளைக்காரர்கள் தாய்லாந்து விசாவுக்காகக் காத்துக் கிடப்பார்கள். காசு தீர்ந்ததும் புத்தகம், வாக்மேன், காலணி என்று கையில் இருப்பதைப் பழைய புத்தகக் கடையில் தள்ளிவிட்டுப் போவார்கள். நான் வேலை முடிந்து, கையில் மை போகாமலே, அந்தக் கடைகளில் மேய்வேன். 1988-ல் ஒரு நாள், ஒரு கடையின் பிஸ்கட் டின்னுக்குள் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகள். எல்லாம் வீட்டில் பதிவு செய்தவை. ஒன்றின் அட்டையில் பச்சைப் பேனாவில் ஏதோ எழுதியிருந்தது. 'பீத்தோவன்' என்ற சொல் மட்டும் தெளிவாகப் படிக்க வந்தது. மூன்று வெள்ளி சொன்னார், இரண்டுக்குப் படிந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. 'நாமும் சாஸ்திரீயமாக ஏதாவது கேட்போம்' என்ற நல்லெண்ணத்தில் வாங்கியது. அறைக்குப் போய், ஊதுபத்தி ஏற்றாத குறையாக உட்கார்ந்து, பொத்தானை அமுக்கினேன். கிதார் 'சக்கு சக்கு' என்றது. ஒரு வயலின் மெக்சிகோ எல்லையில் வழி தவறிய திருமண ஊர்வலம் போல ஓடி வந்தது. வாய்ப்பாட்டே கிடையாது. முடிந்ததும் அடுத்த பாட்டு, லாஸி நாய் நிலாவுக்குப் போன நாளைப் பற்றி. லாஸியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள், கிணற்றில் விழுந்த பையனைக் காப்பாற்றுகிற வகை நாய். அது நிலாவுக்குப் போய்விட்டதாம். பாடுகிறவன் குரலில் துளிச் சிரிப்பு இல்லை. செய்தி வாசிக்கிற மாதிரி பாடுகிறான். நான் கேசட்டை நிறுத்திவிட்டு, எனக்குத்தான் ஆங்கிலம் புரியவில்லையோ என்று யோசித்தேன்.

*எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதில் அப்படி என்ன சிரிப்பு? புரியும்படி சொல்லுங்கள் அண்ணே.*
— தைப்பிங் வாசகி

மூன்று பாட்டைச் சொல்கிறேன், தங்கச்சி. ஒன்று, 'பில் எங்கேடா போய்த் தொலைந்தான்?' என்று கேட்கும் பாட்டு. பில் என்ற நண்பனைக் காணோம். எங்கே போயிருப்பான் என்று நண்பர்கள் ஒவ்வொரு ஊகமாக அடுக்குகிறார்கள். ஒருவேளை தலையை நடுவில் மட்டும் கொண்டை விட்டு மழிக்கப் போயிருப்பானோ, ஒருவேளை அந்த மாதிரி ஆட்கள் போடும் பூட்ஸ் வாங்கப் போயிருப்பானோ என்று. அவ்வளவுதான் பாட்டு. பில் கடைசிவரை வருவதில்லை. கோப்பிக் கடையில் ஒருவன் வராத நாளில் நாம் பேசுகிற பேச்சுதானே இது? அதை மெட்டுப் போட்டுப் பாடலாம் என்று நமக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, வேறு ஒருவருடைய பாட்டு. பிளாக் ஃபிளாக் என்ற முரட்டுக் குழு ஒரு நிமிடத்துக்குள் கத்தி முடித்த பாட்டு ஒன்று உண்டு. போதையில் கிடந்தேன், உருப்படாமல் போனேன் என்ற தோரணை. இவர்கள் அதை எடுத்து, சொல் மாற்றாமல், வேகத்தை மட்டும் குறைத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் பாடுவதுபோலப் பாடினார்கள். வீரமாகக் கேட்ட வரிகள் எல்லாம் அசட்டுத்தனமாகிவிட்டன. கிண்டல் என்றால் இப்படி. ஒரு சொல்கூடப் புதிதாகச் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் பேர் வாங்கிய பாட்டு. ஸ்கின்ஹெட் என்றால் மொட்டைத்தலையர். இங்கிலாந்தில் அறுபதுகளின் கடைசியில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் தலையை ஒட்ட வெட்டி, கனத்த பூட்ஸ் போட்டுத் திரிந்தார்கள். எழுபதுகளில் அவர்களில் ஒரு கூட்டம் நிறவெறிக் கட்சிகளோடு சேர்ந்துகொண்டு, நம் நிறத்து ஆட்களைத் தெருவில் அடித்தது. என் சித்தி ஒருவர் எழுபதுகளில் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து போயிருந்தார். இரவு வேலை முடிந்து திரும்பும்போது எதிரே மொட்டைத்தலை தெரிந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாராம். அவர்களைத்தான் இந்தப் பாட்டு பௌலிங் விளையாடக் கூட்டிப் போகச் சொல்கிறது. கிரிக்கெட் பௌலிங் இல்லை, கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. திருத்து, தண்டி, வெறு என்றெல்லாம் இல்லை. பௌலிங் கூட்டிப் போ. பிறந்தநாள் விழாவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போவதுபோல.

சித்திக்கு இதை விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பந்தை அவனுங்க கையிலயா குடுத்தாங்க?" என்று கேட்டார். பௌலிங் பந்து 16 பவுண்டு வரை இருக்கும். அந்தப் பாட்டைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

*அர்த்தமே இல்லாத பாட்டு, போதாததற்கு நாலு நாட்டு இசையைக் கலப்படம் செய்தது. இதைப் போய் இளைஞர்களுக்குச் சிபாரிசு செய்யலாமா? தமிழில் இல்லாத நல்ல இசையா?*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை பட்டாணி

ஐயா, உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

அர்த்தமில்லை என்பது உண்மை. அந்த பௌலிங் பாட்டு ஒன்றோடொன்று ஒட்டாத வரிகளின் குவியல், அதற்குப் பொருள் வந்துவிடக்கூடாது என்பதே தங்கள் நோக்கம் என்று டேவிட் லௌரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அது சும்மா வருவதில்லை. முயன்று பாருங்கள். ஒரு வரி எழுதினால் அடுத்த வரி தானாகவே அதற்கு விளக்கம் சொல்ல ஓடி வரும். அதைத் தடுப்பதற்குத் திறமை வேண்டும். பாட்டில் ஒருவன் தினமும் காலையில் எழுந்து கடவுளைக் கும்பிடுகிறான். கடவுள் என்ன செய்கிறார் தெரியுமா? உலகத்தில் உள்ள கடிகாரங்களின் எண்ணிக்கையில் சரியாக ஒன்றைக் கூட்டுகிறார். 'சரியாக ஒன்று' என்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். இன்னோர் இடத்தில், இங்கே இயைபுக்கு எந்த வரியும் சிக்கவில்லை என்பதையே ஒரு வரியாகப் பாடிவிட்டு நகர்கிறான். இயைபு தேடி இரவெல்லாம் விழித்த நம் மரபுக் கவிஞர்கள் யாராவது இதைக் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து வெண்பா பாடினார் காளமேகம். கேட்டால் நாக்குப் பயிற்சிபோல இருக்கும், உரையைப் பார்த்தால் வண்டுக்குச் சொன்ன அழகான பொருள் இருக்கும். இவர்கள் செய்தது தலைகீழ். கேட்டால் பொருள் இருப்பதுபோல இருக்கும், தேடினால் ஒன்றும் இருக்காது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே குறும்பு என்று நான் நினைக்கிறேன்.

கலப்படம் என்றீர்கள். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரப் பட்டாள பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதவில்லையா? நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வெள்ளைக்காரரின் வயலினைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர். அன்று யாரும் கலப்படம் என்று சொல்லியிருந்தால் இன்று உங்கள் பேத்தியின் அரங்கேற்றத்தில் வயலின் இருக்காது. பேத்தி பாடுவதை நீங்கள்தான் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அதனால் சொன்னேன். கோபிக்க வேண்டாம்.

*கேட்டால் தலைவலி வருமா?*
— நிபோங் திபால் வாசகர்

என் அம்மாவுக்கு வந்தது.

*நாங்கள் தைப்பூசத்துக்கு உறுமி மேளம் வாசிக்கும் குழு. அந்த ஆல்பத்தில் 'ஸ்கா' இருக்கிறது என்று தம்பி தேடிச் சொன்னான். ஸ்கா என்றால் என்ன தாளம்? நாம் வாசிக்க முடியுமா?*
— தண்ணீர்மலைப் பக்கத்துக் குழுவினர்

இந்தக் கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உட்காருங்கள்.

ஸ்கா ஜமைக்காவில் பிறந்தது, ஐம்பதுகளின் கடைசியில். 1962-ல் அந்த நாடு சுதந்திரம் வாங்கியபோது ஊரெல்லாம் ஒலித்தது அதுதான். பிறகு அதை மெதுவாக்கி ஆற அமர விட்டபோது ரெக்கே வந்தது. தாளம் சொல்கிறேன், கையைத் தட்டிக்கொண்டே படியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நீங்கள் கை தட்டிய இடத்தில் கிதார் வாயை மூடிக்கொண்டிருக்கும். இரண்டு தட்டுக்கு நடுவில் கை மேலே போகிறதே, அந்த இடத்தில் வெடுக்கென்று ஒரு வெட்டு. ஒன்று 'சக்', இரண்டு 'சக்'. அவ்வளவுதான். உடம்பு முன்னால் போகவும் பின்னால் வரவும் ஒரே சமயத்தில் ஆசைப்படும். உறுமியில் குச்சியை இழுத்து ஊம் கொட்டுகிறீர்களே, அதை நடு இடத்தில் விட்டுப் பாருங்கள். காவடிக்காரர் முதலில் தடுமாறுவார், நேர்த்திக்கடன் நாளில் வேண்டாம். ஒத்திகையில் பாருங்கள்.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்த மொட்டைத்தலையர்கள் தொடக்கத்தில் உயிராக நேசித்தது இந்தக் கறுப்பர் இசையைத்தான், ஸ்காவையும் ரெக்கேயையும். ஜமைக்காவிலிருந்து குடியேறிய பக்கத்து வீட்டுப் பையன்களோடு சேர்ந்து ஆடியவர்கள். அப்புறம்தான் ஒரு கூட்டம் திரிந்தது. கேம்பர் வான் பையன்களுக்கு இது தெரியும். ஆல்பத்தில் மொட்டைத்தலையர் பேரில் இன்னொரு பாட்டும் உண்டு. பல இடங்களில் ஸ்கா வெட்டுக்கு மேலே சீகலின் வயலின் கிழக்கு ஐரோப்பியக் கல்யாண மெட்டு மாதிரி எதையோ வாசிக்கும். மாசேதுங் தென் சீனாவில் கழித்த நாட்களை நினைத்துப் பார்ப்பதாக ஒரு பாட்டு, அதில் வாய்ச்சொல்லே இல்லை. சீன மெட்டு மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. எங்கள் அச்சகத்துக்குப் பக்கத்துக் கடை சீனத் தாத்தா மாலையில் எர்ஹூ என்ற சீன நரம்பு வாத்தியம் வாசிப்பார். அவரிடம் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இது யார் வீட்டுச் சீனா?" என்றார். பிறகு இரண்டாம் தடவை போடச் சொன்னார்.

ஒன்று கவனியுங்கள். இவர்கள் கோமாளிகள், ஆனால் வாசிப்பில் கோமாளித்தனம் கிடையாது. வெட்டு விழ வேண்டிய இடத்தில் விழும். ஒலிப்பதிவு மலிவானது, கொஞ்சம் டப்பா சத்தம், பாட்டுக்காரர் குரல் தெருவிலிருந்து கூப்பிடுகிற குரல். ஆனால் எந்த ஊர் மெட்டைத் தொட்டாலும் அதைப் பிடித்துப்போய்த் தொட்டார்கள் என்பது கேட்டாலே தெரியும். நம் மேடைகளில் ஒருவர் மற்ற இனத்தார்போலப் பேசிக்காட்டிச் சிரிக்க வைக்கிறாரே, அதில் எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இதுதான். அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, கேலி மட்டும் பிடிக்கும்.

*'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்கிறார்களே, எதற்கு மாற்று?*
— பட்டர்வொர்த் மாணவர்

வானொலியில் ஓயாமல் ஓடியதற்கு மாற்று. 1985-ல் அந்தப் பெயர் அவ்வளவாகப் புழங்கவில்லை, கல்லூரி வானொலிகள்தான் இவற்றைப் போட்டன என்பதால் 'காலேஜ் ராக்' என்றார்கள். லண்டனில் பிபிசி வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் பௌலிங் பாட்டைப் போட்டார், 1986-ல் அவருடைய நேயர்கள் தேர்ந்தெடுத்த ஐம்பது பாட்டுகளில் அதுவும் ஒன்று. 1989-ல் இதே குழு வேறொரு பழைய பாட்டைத் திரும்பப் பாடி, அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடும் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருஷமே சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பத்து வருஷம் கழித்துச் சேர்ந்தார்கள். லௌரி நடுவில் கிராக்கர் என்ற குழு வைத்து நன்றாகவே சம்பாதித்தார். உங்கள் தேர்வுக்கு இவ்வளவு போதும்.

*நம் ஊரில் இப்படிக் கலந்து கட்டிச் சிரிக்க வைத்தவர்கள் யாருமே இல்லையா?*
— கூலிம் வாசகர்

இல்லாமல் என்ன? நம் பினாங்கில் 1929-ல் பிறந்த பி. ரம்லி ஒருவர் போதாதா? ரும்பா, சாச்சா, ஹிந்துஸ்தானி சாயல், மலாய் மெட்டு, எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் போட்டு, நடுவில் விழுந்து புரண்டு சிரிக்கவும் வைத்தார். அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகா ஆறுமுகமும் பினாங்குத் தமிழ்ப் பையன்கள். கூடை மாதிரி தலைமுடி வைத்துக்கொண்டு மலாய்ப் பாட்டால் நாட்டையே கட்டிப் போட்டார்கள். லோகா 2007-ல் போய்விட்டார். கோலாலம்பூர்ப் பக்கம் போயட்டிக் அம்மோ என்ற ராப் குழு 1998-ல் முதல் ஆல்பத்திலேயே பல மொழிகளில் பாடியது. அதிலிருந்து வந்த யோகி பி 2006-ல் நட்சத்ராவோடு போட்ட 'வல்லவன்' தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் 'பில் எங்கே போனான்' மாதிரி, ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியானத்தைத் தமிழில் யாரும் பாடியதாக என் காதுக்கு எட்டவில்லை. பிள்ளைகள் யாராவது எழுதினால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

*நீங்கள் அச்சுக் கோர்த்த பழைய கம்பாசிட்டர் என்று தெரியும். நானும் அந்தத் தொழில்தான். ஆல்பத்தின் அட்டை எப்படி? அதைச் சொல்லவேயில்லையே.*
— ஆயர் ஈத்தாம், முன்னாள் டிரெடில் ஆபரேட்டர்

தம்பி, இதற்காகவே காத்திருந்தேன்.

என்னிடம் இருந்தது பச்சைப் பேனா கேசட். அட்டையைப் பார்த்ததே இல்லை. பல வருஷம் கழித்து, பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் வாரக்கடைசியில் பழைய இசைத்தட்டு விற்பார்களே, அங்கே என் மருமகனோடு சுற்றும்போது ஒருவர் பெட்டியில் அந்தத் தட்டு. முதல் வெளியீடு. விற்பனைக்கு இல்லை, சும்மா பெருமைக்கு வைத்திருந்தார். கையில் வாங்கினேன். வாங்கிய மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆஃப்செட் இல்லை. கட்டைவிரலால் தடவினேன், எழுத்து அட்டைக்குள் அமுங்கியிருந்தது. எழுத்தை அழுத்தி அடிக்கும் நம்முடைய வேலை! அமெரிக்காவில், 1985-ல், நம் முதலாளிகள் எல்லாம் ஈய எழுத்தை எடைக்குப் போட்டு ஆஃப்செட் மெஷினுக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்!

வெளியிட்ட நிறுவனம் இண்டிபெண்டன்ட் பிராஜக்ட் ரெக்கார்ட்ஸ். நடத்தியவர் புரூஸ் லிச்சர். லாஸ் ஏஞ்சல்ஸில் அச்சு மெஷின் ஒன்றைப் பழகிக்கொண்டு, தன் இசைத்தட்டு அட்டைகளை முரட்டுப் பழுப்பு அட்டையில் அவரே அடித்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை ஓட்ட வேண்டும், உங்களுக்குத் தெரியும். நிறம் மாற்றும்போதெல்லாம் உருளையைக் கழுவ வேண்டும், அதுவும் தெரியும். இவ்வளவு பாடுபட்டு அச்சடித்த அட்டைக்குள் என்ன பாட்டு? நிலாவுக்குப் போன நாய், காணாமல் போன பில். நான் நாலாயிரம் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கோர்த்திருப்பேன், மாப்பிள்ளை பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போனால் வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு நகைச்சுவைக்காக இவ்வளவு ஒழுங்காக அச்சடிக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததில்லை. தட்டைத் திருப்பிக் கொடுக்கவே மனம் வரவில்லை. மருமகன் கையைப் பிடித்து இழுத்தார்.

*அந்தக் கேசட்டை இரவல் தர முடியுமா? பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.*
— புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

தரமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே யாரும் பதிவு செய்ய முடியாது. நான் உடைக்க மறந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கைக்குக் கிடைத்த கேசட்டைச் சொருகி, 'வானொலி ஆறு' என்ற நம் தமிழ் ஒலிபரப்பிலிருந்து அம்மா ஒரு முருகன் பாட்டைப் பதிவு செய்துவிட்டார். சரியாக இரண்டாம் பக்கத்தின் நடுவில். வயலின் ஓடிக்கொண்டே இருக்கும், 'டக்' என்று ஒரு சத்தம், முருகன் பாட்டு, மறுபடி 'டக்', மறுபடி வயலின்.

1991-ல் அச்சகத்தில் என்னோடு வேலை செய்த பைண்டருக்கு அதை ஒரு வாரம் இரவல் கொடுத்தேன். திங்கட்கிழமை வந்து, மற்றதெல்லாம் சுமார்தான் என்றார். "ஆனா அந்த வெள்ளைக்காரனுங்க முருகன் பாட்டு பாடுனானுங்க பாரு, உச்சரிப்பு சுத்தமா இருக்குடா!"

நான் மறுக்கவில்லை. அந்த ஆல்பத்தில் அதுவும் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.